மிதித்தால் அமுங்கும் இடம்

ஜூலை 3, புதன்

இந்த நோட்டில் இதுவரை கடலைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். எந்தக் காற்று, எத்தனை பாகம் ஆழத்தில் வலை விட்டோம், என்ன மீன் ஏறியது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். கடைசியாக எழுதியது ஜூன் 18. அதற்கு அடுத்த நாள் காலையில்தான், கரையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி, போட்டின் தளம் உடைந்து என் மச்சினன் சேசடிமையின் வலதுகால் உள்ளே போனது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் ஒடிந்துவிட்டன. கம்பி வைத்திருக்கிறார்கள்.

அவன் மனைவி லில்லி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அதனால் அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி ரெஜினாள், அடுத்த ஊரில் அவன் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். மகள் ஜெனோவா ஓசூரில் கம்பெனி வேலையில். வீட்டில் நான் மட்டும். அதனால் நோட்டை எடுத்தேன்.

இன்று போட்டை மேட்டுக்கு ஏற்றினோம். பக்கத்துப் போட்டு ரூபனும் இன்னும் ஐந்தாறு பேரும் தள்ளினார்கள். தளத்தின் மேல் இரண்டு துண்டாக விரித்திருந்த ரப்பர் விரிப்பைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குப் பின்னால் போட்டேன். கால் போன ஓட்டையின் ஓரத்தில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ரூபன் குனிந்து பார்த்தான்.

“இது திடீர்னு உடைஞ்ச மாதிரி தெரியலியேண்ணே.”

திடீரென்றுதான் உடைந்தது என்று சொன்னேன்.

ஜூலை 4, வியாழன்

ஃபைபர் வேலை செய்யும் பெலிக்ஸுக்குப் போன் செய்தேன். அவன் குளச்சலில் இருக்கிறான். அந்தப் பக்கம் இப்போது மீன்பிடித் தடைக்காலம். அங்குள்ள போட்டுகளெல்லாம் பழுது பார்க்கக் கரையேறியிருக்கின்றன, ஆகஸ்டு பாதி வரை அசைய முடியாது என்றான்.

“நானே செஞ்சு பாக்கட்டுமா?” என்று கேட்டேன்.

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சொன்னான்: “சரி, மொதல்ல சுத்தியல் காம்பால தளம் பூராத் தட்டிப் பாருங்க. நல்ல எடம்னா டங்குன்னு கேக்கும். உள்ள பலகை ஊறிப்போன எடம் தொப்புன்னு கேக்கும். அங்கெல்லாம் சாக்பீசால கோடு போட்டு வையுங்க. எவ்வளவு கெட்டுருக்குன்னு தெரியாம வெட்டிராதீங்க.”

மத்தியானம் முழுக்கத் தட்டினேன். நடுவில் இடதுபக்கம், ஓட்டையைச் சுற்றி, ஒரு ஆள் கையை விரித்துப் படுக்கிற அளவுக்குத் தொப் என்று கேட்டது. ஐஸ்பெட்டி இருந்த இடத்தின் கீழேயும் அப்படியே. இஞ்சின் பக்கம், நான் நிற்கும் இடம், நன்றாக இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

ரெஜினாள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஆட்டுக்கால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி சேசடிமை வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். முப்பத்தெட்டு வயது ஆள், இரண்டரை வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

“அத்தான், போட்டு என்ன நெலமையில இருக்கு? என்னால ஒங்க தொழிலும் நின்னுபோச்சே.”

“போட்டுக்கு என்ன, சரி பண்ணிரலாம்.”

“என் மேலதான் தப்பு. வலை திடீர்னு வெட்டி இழுத்தப்ப நான் அவசரப்பட்டுக் குதிச்சிட்டேன். மெதுவா கால எடுத்து வச்சிருந்தா தளம் தாங்கியிருக்கும். ஒடம்பும் பெருத்துப்போச்சு. லில்லி போன்ல ஏசுதா, ‘ஒனக்கு எப்பவும் அவசரம்’னு.”

“விடு மாப்ள. அத நெனைக்காத.”

ரெஜினாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பொறுக்க ஆரம்பித்தாள்.

சூப் வைத்தாள். மூவரும் குடித்தோம். கிளம்பும்போது கேட் வரை வந்தாள்.

“தளத்த வெட்டியாச்சா?”

“இனிமேதான்.”

“வெட்டிப் பாருங்க. உள்ள என்ன இருக்குன்னு நல்லாப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

ரூபனிடம் கட்டிங் மிஷின் வாங்கி, கோடு போட்ட இடத்தை வெட்டினேன். வெட்டுவதற்கு முன் கை, கழுத்து, முகம் எல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லியிருந்தான் பெலிக்ஸ். ஃபைபர் தூள் உடம்பில் ஒட்டினால் அரிக்கும். கண்ணாடி போட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரி அடிக்கிற காலம். வெள்ளைத் தூள் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம்.

மேல் ஓடு இரண்டு விரல் கனம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சுண்டுவிரல் கனம்கூட இல்லை. அதைப் பெயர்த்தால் கீழே பலகை இருக்கவேண்டும். பலகை இல்லை. கறுப்பாகச் சேறு மாதிரி ஒன்று. கையால் அள்ளினேன், விரல் இடுக்கில் வழிந்தது. அதற்கும் கீழே மிதப்புக்காக வைத்திருந்த நுரைப்பஞ்சு, தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. பிழிந்தால் பழுப்பாக ஓடியது. நாற்றம் தாங்கவில்லை. எட்டு வாளி அள்ளிக் கொட்டினேன்.

இதன் மேல்தான் நின்று வலை இழுத்திருக்கிறான்.

ஜூலை 10, புதன்

உடம்பு முழுக்க அரிப்பு. மூன்று தடவை குளித்தேன். சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டுமாம், தெரியாமல் எல்லாத் துணியோடும் ஊறவைத்துவிட்டேன். இப்போது தலையணை உறையும் அரிக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

போட்டைக் கட்டியவர்களின் வேலை சரியில்லை. பலகையின் ஓரத்தை ரெசின் பூசி அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பெலிக்ஸிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஜூலை 13, சனி

நேற்று எழுதியது தப்பு.

ஐஸ்பெட்டி இருந்த இடத்தை இன்று வெட்டினேன். அங்கே நான்கு ஆணி ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் கறுப்பு ஒரு வால் மாதிரிக் கிளம்பி, நான்கும் ஒன்றாகி, நடுப்பகுதி வரை போயிருக்கிறது. தண்ணீர் வந்த வழி அதுதான். பலகையின் ஓரமெல்லாம் பூசித்தான் இருக்கிறது.

பெட்டி அலையில் நகர்கிறது என்று நான்கு வருடத்துக்கு முன் அதைத் தளத்தோடு சேர்த்துத் திருகாணி போட்டேன். ஓட்டையில் எதுவும் அடைக்கவில்லை. அன்றைக்கு சேசடிமை, “பசை ஏதாச்சும் வைக்கணுமோ அத்தான்?” என்று கேட்டான். திருகாணி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்றேன்.

பெலிக்ஸுக்குப் போன் செய்து திருத்திச் சொல்லவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

வெட்டிய குழி காய வேண்டும். இனி ஒரு வாரம் வேலை இல்லை. வெயில் நன்றாக அடிக்கிறது. மேலே கட்டிய தார்ப்பாயைக் காற்று இரண்டு தடவை பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாவது தடவை சர்ச் மதில் வரை ஓடிப் பிடித்தேன்.

காலையில் கஞ்சி. மத்தியானம் அதே கஞ்சி. கருவாடு சுட்டேன், கருகிவிட்டது. ரெஜினாள் எந்த டப்பாவில் என்ன வைத்திருக்கிறாள் என்று முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. மல்லித்தூள் என்று நினைத்து வேறு எதையோ போட்டேன்.

இஞ்சின் சத்தம் இல்லாமல் காது ஒருமாதிரி இருக்கிறது. காலையில் மற்ற போட்டுகள் போகும்போது எழுந்து வாசலுக்கு வருகிறேன். அவை மறைந்ததும் உள்ளே போகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

இந்த வாரம் சேசடிமை வீட்டுக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று ரெஜினாளிடம் போனில் சொன்னேன். “சரி” என்றாள்.

ஜெனோவா போன் செய்தாள்.

“அம்மா என்கிட்டயும் சரியாப் பேச மாட்டேங்குறாங்கப்பா. நீங்களும் அம்மாவும் சண்ட போட்டீங்களா?”

“இல்லம்மா.”

“அப்புறம் என்ன?”

“மாமாவப் பாத்துக்கிடுதா. அலுப்பு.”

“ஒங்க முதுகு வலி எப்படி இருக்கு? முதுகு சரியா இருந்திருந்தா நீங்கதான நடுவுல நின்னிருப்பீங்க. நெனச்சாலே பயமா இருக்குப்பா. ஒங்களுக்கு ஆகலியேன்னு சந்தோசப்பட்டேன். அப்புறம் மாமாவ நெனச்சு அழுகையா வந்திச்சு.”

முதுகு பரவாயில்லை என்றேன்.

இதை எழுதி வைக்க வேண்டும். போட்டில் எப்போதும் நடுவில் நின்று வலை இழுப்பவன் நான். சேசடிமை இஞ்சின் பக்கம். பிப்ரவரியிலிருந்து இடம் மாறிக்கொண்டோம். எனக்கு முதுகு வலி.

ஜூலை 24, புதன்

தூத்துக்குடி போய்ப் பலகை, ரெசின், ஃபைபர் துணி, ரெசினை இறுகவைக்கிற இரண்டு மருந்து எல்லாம் வாங்கி வந்து மூன்று நாளாயிற்று. பலகையை அளந்து வெட்டி, நான்கு ஓரமும் ரெசின் பூசிக் காயவைத்தேன். பஞ்சு புதிதாக வைத்தாயிற்று. பலகையைப் பொருத்தினேன், சரியாக உட்கார்ந்தது. மேலே கல்லும் மண்மூட்டையும் ஏற்றி, ஒட்டியதும் இறக்கினேன்.

பெலிக்ஸ் போனில் இரண்டு தடவை சொன்னான்: “ஊதா மருந்த மொதல்ல ரெசின்ல ஊத்திக் கலக்கிருங்க. அது நல்லாக் கலந்த பெறகுதான் தண்ணி மாதிரி இருக்கிற மருந்து. ரெண்டு மருந்தையும் நேரா ஒண்ணுல ஒண்ணு ஊத்திராதீங்க, வெடிச்சிரும். கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குங்க. ஒரு வாளி மொத்தமாக் கலக்கிராதீங்க.”

வெடிக்கவில்லை. ஆனால் மொத்தமாகத்தான் கலக்கினேன். பாதித் துணிகூட நனைக்கவில்லை, வாளி சூடாகிப் புகைய ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு போய் மணலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ரெசின் கல் மாதிரி உறைந்து, நடுவில் விரிசல் விட்டுவிட்டது. தூரிகையும் அதோடு சேர்ந்து நிற்கிறது. நனைத்த துணியையும் பிய்த்து எறிய வேண்டியதாயிற்று.

ஜூலை 27, சனி

இன்று காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. விடிந்ததும் ஆரம்பித்தேன். ஒரு சின்ன டப்பா அளவு கலக்குவது, துணியை விரிப்பது, தூரிகையால் ஒற்றி நனைப்பது, காற்றுக் கொப்புளம் இல்லாமல் ரோலரால் உருட்டுவது. வெள்ளைத் துணி நனைந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிக் கீழே பலகை தெரியும். அதுவரைக்கும் உருட்ட வேண்டும்.

இது இரண்டு ஆள் வேலை. ஒருவன் கலக்க வேண்டும், ஒருவன் பூச வேண்டும். மூன்றாவது துணி போடும்போது, “மாப்ள, அந்த ரோலர எடு,” என்று கையை நீட்டிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் நீட்டினேன். கொஞ்ச நேரம் கை அப்படியே இருந்தது. டப்பாவில் ரெசின் இறுகத் தொடங்கிவிட்டது. நானே எழுந்து எடுத்துக்கொண்டேன்.

நான்கு அடுக்குப் போட்டேன். பதினோரு மணிக்கெல்லாம் இறுகிவிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

தளத்தைத் தட்டிப் பார்த்தேன். டங் என்கிறது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு இந்த நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினேன். எதற்கு என்று தெரிந்துதான் புரட்டினேன். என் கையெழுத்தில் இருப்பதை இங்கே திரும்ப எழுதுகிறேன்.

ஜனவரி 23: “வாடைக் காற்று. பதினான்கு பாகம். கணவாய் மீன் நன்றாக இருந்தது. கரையில் போட்டுக்குள் நின்று வலை பிரிக்கும்போது ரெஜினாள், நடுவில் இடதுபக்கம் கால் பொதுபொதுவென்று இறங்குகிறது என்றாள். பார்க்க வேண்டும்.”

ஜனவரி 24: “பார்த்தேன். இரண்டு விரல் அமுங்குகிறது, விரிசலும் விட்டிருக்கிறது. கணவாய் சீசன் முடியட்டும்.”

பிப்ரவரி 1: “தளத்துக்கு ரப்பர் விரிப்பு போட்டாயிற்று.”

பிப்ரவரி 3: “முதுகு வலி. இன்று முதல் இஞ்சின் நான் பார்க்கிறேன். சேசு நடுவில்.”

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

முதுகு வலிக்கவில்லை. ஒரு நாளும் வலித்ததில்லை.

ஜனவரி 24க்குப் பிறகு என் கால் அந்த இடத்தில் நிற்க மறுத்தது. வலை இழுக்கும்போது கவனம் எல்லாம் உள்ளங்காலில்தான் இருந்தது. போட்டைக் கரையேற்றினால் நல்ல மீன் ஓடுகிற காலத்தில் ஒரு மாதம் போய்விடும். இன்னும் பத்து நாள், இன்னும் பத்து நாள் என்று தள்ளினேன். ரெஜினாளிடம் சரிபண்ணிவிட்டேன் என்றேன். சேசடிமையிடம் விரிப்பு வழுக்காமல் இருக்க என்றேன். முதுகு வலி என்று சொன்ன அன்று அவன் என் முதுகில் தைலம் தேய்த்துவிட்டான். நான் சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்து தேய்க்கக் கொடுத்தேன்.

என் கால் வைக்கப் பயந்த இடத்தில் அவனை நிறுத்தினேன். நான்கரை மாதம்.

எழுதியாயிற்று. எழுதினால் லேசாகும் என்று நினைத்தேன்.

ஆகஸ்டு 2, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லப்போகிறேன்.

ஆகஸ்டு 4, ஞாயிறு

போகவில்லை. நாளைக்குத் தூத்துக்குடியில் மாதா திருவிழா, பஸ்ஸில் கூட்டம்.

ஆகஸ்டு 5, திங்கள்

நேற்று மூன்று பஸ் காலியாகப் போனதைப் பார்த்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்டு 8, வியாழன்

வெட்டி ஒட்டிய விளிம்புகளைத் தேய்த்துச் சமப்படுத்தினேன். மறுபடியும் அரிப்பு. ரூபன் வந்து பார்த்துவிட்டு, “புதுசு மாதிரி இருக்குண்ணே. சேசு பாத்தா சந்தோசப்படுவான்,” என்றான். “அவன் பாவம், யாரப் பாத்தாலும் ‘நான்தான் குதிச்சுக் கெடுத்துட்டேன்’னே சொல்லுதான். நேத்து எங்க வீட்டுக்காரி போயிருந்தா, அவகிட்டயும் அதேதான்.”

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் போனபிறகு பார்த்தால், தேய்க்கவேண்டாத இடத்தையும் தேய்த்துத் துணி தெரிய வைத்திருக்கிறேன். அதற்கு மேல் இன்னொரு அடுக்குப் போடவேண்டும்.

ஆகஸ்டு 11, ஞாயிறு

போனேன். சொன்னேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சேசடிமை முற்றத்தில் ஊன்றுகோலை வைத்து நடந்து பழகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“அத்தான், பாருங்க, தண்ணித் தொட்டி வரைக்கும் போயிட்டேன்.”

ரெஜினாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சூப் வரும், பேச்சு வரும், பொழுது போய்விடும்.

“மாப்ள, ஒண்ணு சொல்லணும். தளம் கெட்டுருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

அவன் புரியாமல் பார்த்தான். “எப்போ தெரியும்?”

“தை மாசமே. ஒங்கக்காதான் கால் அமுங்குதுன்னு சொன்னா. நானும் மிதிச்சுப் பாத்தேன்.”

“இந்தத் தையா?”

“இந்தத் தைதான்.”

அவன் மெதுவாகச் சுவரில் சாய்ந்தான். “அதுக்கப்புறந்தான ரப்பர் மேட் போட்டீங்க? வழுக்காம இருக்கன்னு சொன்னீங்க.”

“வழுக்காம இருக்க இல்ல. விரிசல் தெரியாம இருக்க.”

நான் சொல்ல நினைத்து வந்தது இன்னும் ஒன்று இருந்தது. வாய் வரவில்லை. அவன் கண்ணில் அது தானாகவே வருவதைப் பார்த்தேன். மாதங்களை எண்ணிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

“முதுகு?” என்றான். “முதுகு வலிக்குதுன்னு இஞ்சினுக்குப் போனீங்களே?”

“வலிக்கல.”

ரெஜினாளின் கையிலிருந்த ஈரச் சேலை கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

சேசடிமை கத்தவில்லை. குரல் தணிந்துதான் வந்தது. “அம்பத்திமூணு நாளா இந்தக் கட்டில்ல கெடந்து, நான் ஏன் குதிச்சேன், ஏன் குதிச்சேன்னு என்னையே ஏசிக்கிட்டு இருக்கேன். லில்லிகிட்ட அழுது மன்னிப்புக் கேட்டேன். ஒங்ககிட்ட கேட்டேன். ஒங்ககிட்டயே கேட்டேன் அத்தான். பக்கத்துல உக்காந்து சூப்பக் குடிச்சிட்டு, ‘விடு மாப்ள’ன்னு சொல்லிட்டுப் போனீங்க.”

“ஆமா.”

“கால் போனதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கடல்ல யாருக்கு வேணும்னாலும் ஆகும். ஆனா என்ன நானே மடையன்னு நெனைக்க வச்சீங்களே.”

“மாப்ள…”

“போங்க.”

“நான் சொல்றத…”

“போங்கன்னு சொல்லுதேன்ல!”

ஊன்றுகோல் வழுக்கி விழுந்தது. நான் எடுக்கக் குனிந்தேன். அதற்குள் ரெஜினாள் வந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவனைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு என் பின்னால் கேட் வரை வந்தாள்.

“முதுகு விசயம் எனக்குத் தெரியாது,” என்றாள். “நான் சொல்லியும் நீங்க சரி பண்ணலங்கது மட்டுந்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலேயே தெரிஞ்சிட்டு. நீங்களா வாயத் தெறப்பீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். அவன் தன்னையே ஏசும்போதெல்லாம் நானும் வாய மூடிட்டுத்தான் இருந்தேன். ஒங்கள விட்டுக்குடுக்கவும் முடியல, அவன் மூஞ்சியப் பாக்கவும் முடியல.”

“வீட்டுக்கு எப்ப வருவ?”

“தெரியல,” என்றாள்.

பஸ்ஸுக்கு நிற்காமல் கடற்கரை வழியாகவே நடந்து வந்தேன். ஐந்து கிலோமீட்டர். காற்று எதிரே அடித்தது.

ஆகஸ்டு 12, திங்கள்

இன்று எதுவும் செய்யவில்லை.

ஆகஸ்டு 15, வியாழன்

மாதா பரலோகம் போன திருநாள். பூசைக்குப் போனேன். ரெஜினாளும் வந்திருந்தாள், ஆனால் பெண்கள் பக்கம் முன்னாலேயே நின்றாள். முடிந்து வெளியே வருவதற்குள் போய்விட்டாள். ரூபன் மனைவி ஒரு தூக்குவாளியில் பிரியாணி கொடுத்தாள். “அக்கா இல்லாம என்னத்தத் திங்கீங்களோ,” என்றாள். வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஜெனோவாவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “அப்புறம் கூப்பிடுறேன்பா,” என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்டு 18, ஞாயிறு

பெலிக்ஸ் குளச்சலிலிருந்து வந்துவிட்டான். போட்டைப் பார்த்தான். தளம் முழுக்கச் சுத்தியல் காம்பால் தட்டினான். நான் பின்னாலேயே நடந்தேன்.

“மோசமில்லண்ணே. ஓரத்துல ரெண்டு கொப்புளம் இருக்கு, பாருங்க, இங்க காத்து மாட்டிருக்கு. இத ஒடைச்சு நெரப்பிருங்க. மத்தபடி தாங்கும்.” நிமிர்ந்து, “பலகை ஓரத்துல விட்டுட்டாங்கன்னு சொன்னீங்களே, அங்கதான் கசிஞ்சுதா?” என்று கேட்டான்.

“இல்ல. நான் போட்ட திருகாணி ஓட்டை. அடைக்காம விட்டுட்டேன். ஒன்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்.”

அவன் தோளைக் குலுக்கினான். “எல்லாரும் அதத்தான் செய்யுதாங்க,” என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஐஸ்பெட்டியை இனி திருகப்போவதில்லை. கயிற்றால் கட்டிக்கொள்ளலாம்.

ஆகஸ்டு 22, வியாழன்

போட்டு தண்ணீரில் இறங்கியது. தள்ள வந்தவர்களில் இரண்டு பேர் முகம் திருப்பிக்கொண்டார்கள். விசயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சேசடிமை சொல்லியிருக்கலாம். நானும் ரூபனிடம் சொன்னேன். ரூபன் அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டான், ஆனால் தள்ள வந்தான்.

என்னோடு வர ஆள் கேட்டேன். யாரும் வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்டு 24, சனி

காலையில் தனியாகப் போனேன். வலை எடுக்கவில்லை, தூண்டில் மட்டும். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இஞ்சினை நிறுத்திவிட்டு நடுவில் வந்து, இடதுபக்கம், அவன் நின்ற இடத்தில் நின்றேன். முதலில் மெதுவாக. பிறகு குதித்தேன். பத்து தடவைக்கு மேல் குதித்திருப்பேன். போட்டு ஆடியது, தளம் அசையவில்லை. மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தூண்டில் போட ஞாபகம் வர நேரமாயிற்று.

மத்தியானத்துக்குள் திரும்பினேன்.

சாயந்தரம் ஐந்து மணிக்குப் போன் அடித்தது. சேசடிமையின் நம்பர். எடுத்தேன். நேராகக் கேட்டான்.

“என்ன காத்து?”

“கச்சான்தான். கொஞ்சம் தணிஞ்சிருக்கு.”

“எங்க போனீங்க?”

“பக்கத்துலதான். ஏழு பாகம்.”

“என்ன கெடச்சுது?”

“நாலு ஊளி. ஒரு சின்னப் பாறை மீனு.”

“தளம்?”

“நிக்கிது.”

“மிதிச்சுப் பாத்தீங்களா?”

“குதிச்சுப் பாத்தேன்.”

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றது. ரெஜினாளின் குரல் தூரத்திலிருந்து வந்தது: “சாப்பிட்டாரான்னு கேளு.”

அவன் கேட்கவில்லை. “சரி, வைக்கேன்,” என்றான். வைத்துவிட்டான்.

இரண்டு நிமிடம் பதினோரு வினாடி என்று போன் காட்டியது. அத்தான் என்று ஒரு தடவையும் கூப்பிடவில்லை.

சாப்பிட்டேன், ரெஜினாள். சோறும் ஊளிக் குழம்பும். புளி கொஞ்சம் கூடிவிட்டது.